பணிக்கும் பயணத்திற்கும் ஏற்ற மெல்லெடை மடிக்கணினி – தேர்வுமுறை குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

எழுதுவோர்க்கும் அவர்கள் சுமக்கும் கருவிக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. பனையோலையும் எழுத்தாணியும் கொண்டு ஊர் ஊராகச் சென்ற புலவர் மரபு நம்முடையது. சுவடிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பைத் தமிழுலகம் நன்கறியும். இன்று அந்த ஓலைக்கட்டின் இடத்தை மடிக்கணினி பெற்றுள்ளது. ஆய்வு மாணவர் நூலகத்திற்கு அதனைக் கொண்டு செல்கிறார். ஆசிரியர் கருத்தரங்கிற்குக் கொண்டு செல்கிறார். வணிகப் பெருமக்கள் கடல் கடந்து கொண்டு செல்கின்றனர்.

ஆயின், இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து நம்மிடையே போதிய சிந்தனை இல்லை. கடையில் கையிலெடுத்துப் பார்த்து, 'இலேசாக இருக்கிறது' என்ற ஒன்றையே தகுதியாகக் கொண்டு வாங்கிவிடுகிறோம். ஒரு குடும்பம் பல மாதங்கள் சேர்த்த தொகை ஒரே நாளில் செலவாகிறது. மூன்றாம் ஆண்டில், ஆய்வேடு எழுதி முடிக்க வேண்டிய வேளையில், மின்கலம் தளர்ந்து, நினைவகம் போதாமல், பழுது பார்க்கவும் வழியில்லாமல் அக்கருவி கைவிடும்போதுதான் தேர்வின் குறை தெரியவருகிறது. இந்நிலையைத் தவிர்க்கும் நெறிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. எடை குறைந்த கணினி எதுவாயினும், அதிலிருந்து ஏதோ ஒன்று நீக்கப்பட்டே அவ்வெடை குறைந்திருக்கும். நீக்கப்பட்டது எது, அது நம் பணிக்கு இன்றியமையாததா என்ற இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.

1. எடை குறைந்த வரலாறு

கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினி என்ற பெயரில் 1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடையுடையது. அதன் திரையின் அளவு 5 அங்குலமே. அதனைத் தூக்கிச் செல்லலாம். ஆனால் சென்ற இடத்தில் மின்சாரம் இருந்தால்தான் இயக்கலாம். தையல் இயந்திரப் பெட்டியைச் சுமப்பது போன்றதே அதன் பயணம்.

1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் கணினி, மூடியைத் திறந்தால் திரையும் அடியில் விசைப்பலகையும் அமையும் வடிவத்தைக் கொண்டிருந்தது. இன்றைய மடிக்கணினிகளின் வடிவம் அதுவே. அதன் உறை மக்னீசியக் கலவையால் ஆனது. அமெரிக்க விண்வெளி ஓடங்களிலும் அது பயன்படுத்தப்பட்டது.

1983இல் வந்த டி.ஆர்.எஸ். 80 மாடல் 100 என்னும் கருவி நம் கவனத்திற்குரியது. எடை சுமார் 1.4 கிலோ. கடையில் கிடைக்கும் 4 சிறு மின்கலங்களைக் கொண்டு பல மணி நேரம் இயங்கியது. திரையில் 8 வரிகளே தெரியும். படம், வண்ணம் எதுவும் இல்லை. எனினும், செய்தியாளர்கள் அதனை விரும்பிச் சுமந்தனர். தாம் கண்டதை எழுதித் தொலைபேசி வழியே அலுவலகத்திற்கு அனுப்புவது அவர்கள் பணி, அப்பணிக்கு வேண்டியது அதில் இருந்தது, வேண்டாதது நீக்கப்பட்டிருந்தது. நல்ல தேர்வுக்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மாறான சான்றும் உண்டு. 2007இல் ஆசஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701 என்னும் சிறு கணினியின் எடை 0.92 கிலோ, விலையும் குறைவு. மாணவர் உலகம் அதனை ஆவலுடன் வரவேற்றது. ஆயின், 7 அங்குலத் திரையில் ஒரு பக்கத்தை முழுமையாகக் காண இயலவில்லை. விசைப்பலகை சிறுவர் கைக்கே பொருந்தும் அளவினது. இணையத்தைக் காண்பதற்குப் போதுமானதாக இருந்த அக்கருவி, நீண்ட கட்டுரை எழுதுவோர்க்கு இடுக்கமாகவே இருந்தது.

2008 சனவரியில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகக் கடித உறையொன்றிலிருந்து மாக்புக் ஏர் கணினியை உருவி எடுத்துக் காட்டினார். அதன் எடை 1.36 கிலோ. குறுந்தட்டு இயக்கி, கம்பிவழி இணையத் துளை, தாமே கழற்றி மாற்றத்தக்க மின்கலம் ஆகியன நீக்கப்பட்டிருந்தன. யூ.எஸ்.பி. துளை ஒன்றே இருந்தது. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அன்று குறையாகக் கருதப்பட்ட இவற்றுட் பல இன்று எல்லா நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டன.

2020 நவம்பரில் அந்நிறுவனமே தான் வடிவமைத்த எம்1 நுண்செயலியுடன், விசிறியே இல்லாத மாக்புக் ஏர் கணினியை வெளியிட்டது, எடை 1.29 கிலோ. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வேலை என்ற நிலை அதன்பின் பிற நிறுவனங்களின் கணினிகளிலும் பரவிற்று. இன்று 1 கிலோவுக்கும் குறைந்த எடையில் முழுப் பணி ஆற்றவல்ல கணினிகள் கிடைக்கின்றன. எனவே, மெல்லெடை என்பது இப்போது அரிய பொருளன்று. அதற்குக் கொடுக்கும் விலையை உணர்வதே அரிது.

2. கிராம்கள் எங்கிருந்து குறைகின்றன?

மடிக்கணினியின் எடை பெரும்பாலும் உறை, மின்கலம், திரை, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு ஆகிய நான்கிலும் பகிர்ந்து கிடக்கிறது. இவற்றைத் தனித்தனியே நோக்குவோம்.

உறை: அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.74 கிராம். ஆகவே, ஒரே கனமுள்ள தகட்டில் மக்னீசியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தது. மக்னீசியக் கலவை உறை கையில் எடுக்கும்போது நெகிழி போலத் தோன்றுவதால், பலர் அதனை மலிவான பொருள் என்று எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது. அதேவேளை, தகட்டை மேலும் மெலிதாக்கி எடை குறைத்திருந்தால், விசைப்பலகையின் நடுவே அழுத்தும்போது அது பள்ளமாகும். மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது உடல் முறுகும். கடையிலேயே இவ்விரு சோதனைகளையும் செய்து பார்க்கலாம்.

'எம்.ஐ.எல். எஸ்.டி.டி. 810' என்ற அமெரிக்கப் படைத்துறைத் தரத்தைப் பல நிறுவனங்கள் விளம்பரத்தில் கூறுகின்றன. அது பல சோதனை முறைகளின் தொகுப்பு. அவற்றுள் எவற்றைச் செய்வது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே, அப்பெயரைக் கண்ட அளவில் மயங்காமல், எந்தெந்தச் சோதனைகள் செய்யப்பட்டன என்று வினவுதல் வேண்டும்.

மின்கலம்: எடை குறைக்க எளிய வழி மின்கலத்தைச் சிறிதாக்குவது. பெட்டியின் மேல் எழுதப்பட்ட கிராம் எண்ணைக் கண்டு மகிழ்வோர், மின்கலத்தின் வாட் மணி எண்ணையும் உடன் காணல் வேண்டும்.

வெப்ப அமைப்பு: விசிறியை நீக்கினால் எடையும் ஓசையும் குறையும். எழுதுதல், படித்தல், கணக்கெழுதுதல் ஆகிய பணிகளுக்கு விசிறியில்லாக் கணினி போதும். நிகழ்படத் தொகுப்பு போன்ற, நுண்செயலியை நெடுநேரம் வருத்தும் பணிகளில், வெப்பம் ஏறாமலிருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கோடை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் பணி செய்வோர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

துளைகள்: கல்லூரி அரங்குகளில் உள்ள படவீழ்த்தி பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. கம்பியையோ, பழைய வி.ஜி.ஏ. கம்பியையோ எதிர்பார்க்கிறது. யூ.எஸ்.பி. சி துளைகள் மட்டுமே கொண்ட கணினியுடன் மேடையேறும் ஆய்வாளர் இணைப்பானை மறந்து வந்தால், அவருடைய உழைப்பு முழுவதும் அரங்கினர் காணாமலே போகும்.

3. மொத்தச் சுமையை நிறுத்தறிதல்

மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்துகிறார். பயணப் பையிலும் அவ்வாறே. கணினி இலேசானது, உடன் வருவன ஒவ்வொன்றும் இலேசானவை, யாவும் சேர்ந்தால் தோள் வலிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதற் கணினியின் எடை 990 கிராம். அதன் மின்கலம் சிறியது, துளைகள் குறைவு. எனவே உடன் 320 கிராம் மின்னேற்றி, 90 கிராம் இணைப்பான், 350 கிராம் பவர் பேங்க் ஆகியவற்றைச் சுமக்க நேர்கிறது. கூட்டினால் 1,750 கிராம். இரண்டாம் கணினியின் எடை 1,250 கிராம். வேண்டிய துளைகள் அதிலேயே உள்ளன. மின்கலம் பகல் முழுவதும் தாங்கும். உடன் எடுத்துச் செல்வது 170 கிராம் சிறு மின்னேற்றி ஒன்றே. மொத்தம் 1,420 கிராம். விளம்பரத்தில் இலேசானது முதற் கணினி; தோளில் இலேசானது இரண்டாம் கணினி.

காலியம் நைட்ரைடு என்னும் பொருளைப் பயன்படுத்தும் புதிய மின்னேற்றிகள் உருவிலும் எடையிலும் சிறியவை. யூ.எஸ்.பி. சி வழியே மின்னேற்றம் பெறும் கணினியாயின், கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே மின்னேற்றி போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல், 100 வாட் வரை மின்னேற்றம் பெறும் மடிக்கணினிகளுக்கு இத்துளையைச் சட்டப்படி கட்டாயமாக்கியுள்ளது. இனி வாங்குவோர் இவ்வசதியில்லாத கணினியை நாடுவது அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டுப் பள்ளிப் பைக் கொள்கை (2020), மாணவர் சுமக்கும் பை அவர்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மிகலாகாது என்கிறது. அது பள்ளிச் சிறார்க்கென வகுக்கப்பட்டது. எனினும், பேருந்தில் நின்றபடியே நெடுந்தொலைவு சென்று வரும் கல்லூரி மாணவ மாணவியரும் அதனை ஒரு நினைவூட்டலாகக் கொள்வது நன்று. நூல்கள், உணவு, நீர், குடை ஆகியவற்றுக்குப் பின் எஞ்சும் இடமே கணினிக்குரியது.

4. மின்கலமும் காலமும்

'18 மணி நேரம் இயங்கும்' போன்ற விளம்பரங்கள் பெரும்பாலும் ஒளி குறைத்து, நிகழ்படம் ஓடவிட்டு அளந்தவை. நாமே கணக்கிட எளிய வழியுண்டு. மின்கலத்தின் வாட் மணியைக் கணினி செலவிடும் வாட்டால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும்.

மின்கலம் 50 வாட் மணி என்க. எழுதும் பணியில் கணினி சராசரியாக 6 வாட் செலவிட்டால், ஏறத்தாழ 8 மணி 20 நிமிடம் இயங்கும். காணொலிக் கூட்டத்தில் 12 வாட் செலவிட்டால் 4 மணி 10 நிமிடமே இயங்கும். சில ஆண்டுப் பயன்பாட்டில் மின்கலத்தின் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்து 40 வாட் மணி ஆனதாகக் கொள்வோம். அப்போது இவ்விரு காலங்களும் முறையே 6 மணி 40 நிமிடம், 3 மணி 20 நிமிடம் என்று சுருங்கும். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானப் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம்; விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் வேறு. வாங்கிய நாளின் கணக்கை விட்டு, மூன்றாம் ஆண்டின் கணக்கைக் கொண்டு தேர்வு செய்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதும் வினவத்தக்கது. திருகாணியால் பொருத்தியதை மாற்றுவது எளிது, கூலியும் குறைவு.

5. திரையும் விசைப்பலகையும்: தமிழ் எழுதுவோர் நோக்கில்

திரையின் அளவை மூலைவிட்டத்தால் கூறுவது வழக்கம். ஆயினும், அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் அதனினும் முதன்மையானது. 14 அங்குலத் திரையின் விகிதம் 16:9 ஆயின் அதன் உயரம் சுமார் 17.4 சென்டிமீட்டர், 16:10 ஆயின் சுமார் 18.8 சென்டிமீட்டர். தமிழ் எழுத்துகள் மேல்விலங்கும் கீழ்வளைவும் உடையவை; வரிகளுக்கிடையே இடம் மிகுதியாக வேண்டுவன. எனவே உயரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் நமக்குப் பயன்படும். அறைக்குள் பணிபுரிவோர்க்கு 300 நிட் ஒளி போதும். இரயிலில் சன்னலோரம் அமர்ந்து எழுதுவோர்க்கு 400 நிட்டும், பளபளப்பற்ற மேற்பரப்பும் நலம் தரும்.

விசைப்பலகை பற்றித் தமிழ் மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு ஆகியவை உள்ள வலக்கோடி விசைகளில் தமிழில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய எழுத்துகள் இடம் பெறுகின்றன. சிறு கணினிகளில் இடம் போதாமைக்காக நிறுவனங்கள் முதலில் குறுக்குவது இந்த வலக்கோடி விசைகளையே. ஆங்கிலம் எழுதுவோர்க்கு அதனால் பெருங்குறை இல்லை. நமக்கோ 'தமிழ்' என்று எழுதவே அங்குள்ள விசை வேண்டும்! ஆகவே, தமிழ்ப் பணிக்கெனக் கணினி வாங்குவோர் கடையில் அவ்விசைகளின் அகலத்தைத் தம் விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். விமர்சகர் எவரும் இதனை நமக்காகச் சோதித்துச் சொல்லப்போவதில்லை.

6. நுண்செயலி, நினைவகம், மென்பொருள்

மெல்லெடைக் கணினிகள் பலவற்றில் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. பின்னர் மிகுவிக்க இயலாது. எனவே, ஐந்தாண்டுக்கு வேண்டியதை வாங்கும் நாளிலேயே பெறுதல் வேண்டும். எழுத்துப் பணி, இணையம், காணொலிக் கூட்டம் ஆகியவற்றை ஒருங்கே செய்வோர்க்கு 16 ஜி.பி. பொருந்தும். சேமிப்பகம் மாற்றத்தக்கதாக இருப்பின் அதில் சிக்கனம் காட்டலாம், நினைவகத்தில் காட்டலாகாது.

நுண்செயலியில் இரு மரபுகள் உண்டு. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் மரபு ஒன்று. ஆர்ம் மரபு மற்றொன்று. ஆப்பிளின் எம் வரிசையும், 2024இல் விண்டோஸ் கணினிகளில் வந்த ஸ்நாப்டிராகன் எக்ஸ் வரிசையும் ஆர்ம் மரபின. இவை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. ஆர்ம் மரபின் விண்டோசில் பழைய மென்பொருள்கள் பல மொழிமாற்ற முறையில் இயங்கும். ஆயின், அச்சுப்பொறி, வருடி போன்ற கருவிகளின் இயக்கிநிரல்கள் அம்மரபிற்கெனவே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பழைய கருவிகளை வைத்துள்ள அலுவலகத்தாரும் வணிகரும், தம் அச்சுப்பொறிக்கும் கணக்கு மென்பொருளுக்கும் ஆதரவு உண்டா என்று கேட்டறிந்த பின்னரே அவ்வகைக் கணினியை வாங்குதல் நன்று.

7. கடல் கடந்து செல்வோர்க்கு

மின்கலத்தின் வாட் மணி 100க்கு உட்பட்டிருந்தால் விமானத்தில் தனி இசைவு வேண்டா. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றைப் பயணி எடுத்துச் செல்ல இயலாது. மெல்லெடைக் கணினிகள் பெரும்பாலும் 100க்குள்ளேயே அடங்கும். வாட் மணி குறிக்கப்படாத பழைய மின்கலமாயின், மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும்: 4,400 மில்லி ஆம்பியர் மணி, 11.1 வோல்ட் எனில் 48.84 வாட் மணி. தனி மின்கலமும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருத்தல் வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானங்களில் பவர் பேங்கை உடன் வைத்திருக்கலாமேயன்றிப் பயன்படுத்தலாகாது. கணினியின் சிறிய மின்கலத்தைப் பவர் பேங்கால் ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் வானில் பயன்படாமற் போவதை இது காட்டுகிறது.

மடிக்கணினி மின்னேற்றிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பன. மின்னேற்றியின் மேலேயே இது அச்சிடப்பட்டிருக்கும். எனவே மின்மாற்றி தேவையில்லை. செருகியின் வடிவம் மட்டுமே மாறும். நம் நாட்டில் உருண்டைக் கால்கள். ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் செவ்வகக் கால்கள் மூன்று. சிறு மாற்றுச் செருகி ஒன்று போதும்.

18 வயது நிறைந்த பயணி மடிக்கணினி ஒன்றைத் தீர்வையின்றி இந்தியாவிற்குக் கொண்டுவரலாம். அயலகத்தில் பணிபுரியும் உறவினர் வழியே வாங்க விரும்புவோர் மேலும் இரண்டைக் கேட்டறிதல் வேண்டும். முதலாவது, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுபடியாகுமா என்பது. இரண்டாவது, விசைப்பலகையின் எழுத்தமைப்பு நமக்குப் பழக்கமானதா என்பது. விலையில் மிச்சமான தொகை ஒரே பழுதில் கரைந்துவிடக் கூடும்.

8. குறைந்த பொருளுடையோர்க்கு

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எண்ணற்ற இல்லங்களில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அந்த முதற் கணினி பழுதான பின் இரண்டாவதை வாங்குவதே இன்று பல குடும்பங்களின் கவலை. புதிய மெல்லெடைக் கணினி எட்டாக் கனியாயின், பெருநிறுவனங்கள் பயன்படுத்தி விற்றுவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைக் கணினிகளைப் பார்க்கலாம். அவ்வரிசைகளுள் எடை குறைந்தவை உண்டு. உறுதியான விசைப்பலகையும் எளிதில் கிடைக்கும் உதிரி உறுப்புகளும் அவற்றின் நற்பண்புகள்.

இவ்வாறு வாங்குவோர் கருத வேண்டியவை மூன்று. ஒன்று: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய நுண்செயலி போன்ற தகுதிகள் வேண்டும். அதனினும் பழையதாயின் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். அதிலும் தமிழ்99 உண்டு. இரண்டு: மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவைக் கணினியிலேயே காணலாம், கண்ட பின்னரே விலை பேசுதல் வேண்டும். மூன்று: திரும்பப் பெறப்பட்ட வகையா என்று நிறுவனத்தின் வரிசை எண் கொண்டு அறிதல் வேண்டும். 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மாக்புக் புரோ கணினிகள் சிலவற்றின் மின்கலம் சூடேறித் தீப்பற்றும் இடருடையது என்று 2019 சூனில் ஆப்பிள் அவற்றை மாற்றித் தர முன்வந்தது. மாற்றப்படாதவை இன்றும் பழைய பொருள் சந்தையில் உலவக் கூடும்.

9. இழப்பும் காப்பும்

எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது எளிதில் இழக்கவும் தக்கது. 2017 மார்ச்சில் அமெரிக்க அரசு, துபாய், தோகா, ஜித்தா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து வருவோர் கைப்பேசியினும் பெரிய மின்னணுக் கருவிகளைக் கைப்பையில் கொண்டுவரத் தடை விதித்தது. சூலையில் அத்தடை முழுமையாக நீங்கும்வரை, பயணிகள் தம் கணினியைக் கண் காணாத சரக்கறைக்கு ஒப்படைக்க நேர்ந்தது. இத்தகைய நிலை எப்போது வரும் என்று கூற இயலாது. ஆகவே, கணினியில் மறையாக்கம் இயங்குதல் வேண்டும். எழுதியவற்றின் படி வீட்டில் ஒரு தனி வட்டிலும், இணையச் சேமிப்பகத்தில் ஒன்றுமாக இருத்தல் வேண்டும். கருவி போனால் பொருள் நட்டம். மூன்றாண்டு ஆய்வுக் குறிப்புகள் போனால் அதனை ஈடுசெய்ய எப்பொருளும் இல்லை.

10. பணிக்கேற்ற தேர்வு

இதுகாறும் கண்டவற்றை மூவகையினர்க்குப் பொருத்திக் காணலாம். நூலகங்களிலும் கருத்தரங்குகளிலும் உலவும் ஆய்வாளர்க்கு 13 அல்லது 14 அங்குலத் திரை, 16:10 விகிதம், அகன்ற வலக்கோடி விசைகள், 1.3 கிலோவுக்கு உட்பட்ட எடை ஆகியன பொருந்தும். நுண்செயலியின் உச்ச வேகம் அவர்க்குத் தேவையில்லை. அயலகம் சென்று வரும் வணிகர்க்கு நீடித்த மின்கலம், யூ.எஸ்.பி. சி மின்னேற்றம், பல நாடுகளில் செல்லுபடியாகும் உத்தரவாதம், பழைய கணக்கு மென்பொருளுக்கான ஆதரவு ஆகியன முதன்மையானவை. அவர் 1 கிலோவுக்குக் குறைந்ததை நாடினும் தகும். நிகழ்படம், வரைகலை பயிலும் மாணவர்க்கோ விசிறியும் ஆற்றலும் வேண்டும், அவர் 1.5 கிலோ அளவிலான சுமையை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. எடையைக் குறைக்கும் ஆசையில் பணியையே குறைத்துக்கொள்ளலாகாது.

முடிவுரை

மெல்லெடை மடிக்கணினி என்பது குறைத்தலால் உருவான பொருள். நல்ல நிறுவனம் வேண்டாததைக் குறைக்கிறது. நல்ல நுகர்வோர் தமக்கு வேண்டாதது எது என்பதை முன்னரே அறிந்திருக்கிறார். கணினியின் எடையோடு உடன்வரும் பொருள்களின் எடையையும் கூட்டுதல், மின்கலத்தை மூன்றாம் ஆண்டின் கணக்கால் மதித்தல், மாற்ற இயலாத உறுப்பில் சிக்கனம் தவிர்த்தல், தமிழ் எழுதும் விரல்களுக்கு இடமுண்டா என்று காணல், பழுது பார்க்கும் வழியை வாங்கும் முன்பே வினவுதல் ஆகிய ஐந்தும் இவ்வாய்வால் நாம் பெற்ற நெறிகளாகும்.

பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும்போது, 'எது இலேசானது?' என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், 'நீ இதனைக் கொண்டு எங்கே செல்வாய்? என்ன செய்வாய்?' என்று பிள்ளைகளைக் கேட்பாராக. அவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையே சரியான கணினியைக் காட்டித்தரும்.